எதன் மீது சதவீதம்? போட்டித் தேர்வுகளில் வளர்ச்சிக் கணக்குகளைத் தீர்க்கும் முறை

2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டியின் சில்லறை விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த விலை உயர்வு அது. சிவகாசியில் கூடிய தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் எடுத்த முடிவு. 'தீப்பெட்டி விலை எத்தனை சதவீதம் உயர்ந்தது?' என்று அன்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டிருந்தால் 100 சதவீதம் என்றிருப்பார். தொழிற்சாலை உரிமையாளரிடம் கேட்டிருந்தால் 60 சதவீதம் என்றிருப்பார். இருவர் சொன்னதும் சரியே.

இது எப்படி? 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலை 270 முதல் 300 ரூபாய் வரைக்கும் விற்றுவந்த ஆலைகள், புதிய விலையாக 430 முதல் 480 ரூபாய் வரை நிர்ணயித்தன. 300 ரூபாய் 480 ஆனால் உயர்வு 180. அது 300-இல் 60 சதவீதம். கடையிலோ 1 ரூபாய் 2 ரூபாய் ஆனது. உயர்வு 1 ரூபாய். அது 1 ரூபாயில் 100 சதவீதம். பொருள் ஒன்று, நாள் ஒன்று, ஆனால் கணக்கு தொடங்கிய எண் வேறு. அதனால் விடையும் வேறு.

போட்டித் தேர்வுகளில் வரும் வளர்ச்சிக் கணக்குகள் அனைத்தும் இந்த ஒரு புள்ளியில்தான் மாணவரைச் சோதிக்கின்றன. பெருக்கவும் வகுக்கவும் தெரியாமல் தவறு செய்பவர்கள் குறைவு. எந்த எண்ணின் மீது சதவீதம் எடுக்க வேண்டும் என்று பார்க்காமல் தவறு செய்பவர்களே அதிகம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகள் வாழ்க்கையைத் திருப்பும் வாய்ப்புகள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் வென்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அவற்றில் 25 திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். ஒரே மதிப்பெண்ணில் ஏராளமானோர் நிற்கும் தேர்வில், ஒரு சதவீதக் கணக்கு தரவரிசையில் பல இடங்களைத் தூக்கிவிடும் அல்லது தள்ளிவிடும். விழுக்காடு என்பது அந்தப் பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ள தலைப்பு. (விழுக்காடு, சதவீதம் இரண்டும் ஒன்றே. கேள்வித்தாளில் எது வந்தாலும் குழம்ப வேண்டாம்.)

1. அடிப்படை எண்ணும் பெருக்கு எண்ணும்

வளர்ச்சி சதவீதம் காண ஒரே வழி: உயர்வை எடுத்து, பழைய மதிப்பால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். வகுக்கும் எண் எப்போதும் பழைய மதிப்பு. அதுவே அடிப்படை எண்.

2021 விலை உயர்வுக்குக் காரணமாக உற்பத்தியாளர்கள் சொன்ன மூலப்பொருள் விலைகளையே பயிற்சியாக எடுத்துக்கொள்வோம்.

சிவப்பு பாஸ்பரஸ், கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்: உயர்வு 385. 385-ஐ 425-ஆல் வகுத்தால் சுமார் 90.6%.
மெழுகு, 58-லிருந்து 80: உயர்வு 22. சுமார் 37.9%.
வெளிப்பெட்டி அட்டை, 36-லிருந்து 55: உயர்வு 19. சுமார் 52.8%.
உள்பெட்டி அட்டை, 32-லிருந்து 58: உயர்வு 26. சரியாக 81.25%.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மெழுகு 22 ரூபாய் உயர்ந்தது, வெளிப்பெட்டி அட்டை 19 ரூபாய்தான் உயர்ந்தது. ஆனால் சதவீதத்தில் அட்டையின் உயர்வே அதிகம். அட்டையின் பழைய விலை சிறியது என்பதே காரணம். அடிப்படை சிறியதாக இருந்தால் சிறிய உயர்வும் பெரிய சதவீதமாகத் தெரியும். 'எதன் வளர்ச்சி அதிகம்?' என்று கேள்வி வந்தால், ரூபாயில் கேட்கிறார்களா, சதவீதத்தில் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, எல்லாக் கணக்குக்கும் உதவும் ஒரு பழக்கம். சதவீதத்தைக் கூட்டலாக நினைக்காமல் பெருக்கலாக நினையுங்கள். 30% உயர்வு என்றால் 1.30-ஆல் பெருக்குவது. 20% குறைவு என்றால் 0.80-ஆல் பெருக்குவது. 60% உயர்வு என்றால் 1.60. இந்த 1.30, 0.80, 1.60 ஆகியவற்றைப் பெருக்கு எண் என்று இந்தக் கட்டுரையில் அழைப்போம். பழைய மதிப்பைப் பெருக்கு எண்ணால் பெருக்கினால் புதிய மதிப்பு கிடைக்கும். புதிய மதிப்பைப் பெருக்கு எண்ணால் வகுத்தால் பழைய மதிப்பு கிடைக்கும். இனி வரும் அனைத்தும் இதன் விரிவே.

2. வேற்றுமை உருபைப் பார்த்துப் படியுங்கள்

தமிழில் கேள்வியைப் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அடிப்படை எண் எது என்பதை வாக்கியமே சொல்லிவிடும். சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் உருபைக் கவனித்தால் போதும்.

'விட' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதே அடிப்படை. 'அகமதுவின் வருமானம் பாலுவின் வருமானத்தை விட 25% அதிகம்' என்றால் அடிப்படை பாலுவின் வருமானம். பாலுவுக்கு 100 என்று வைத்தால் அகமதுவுக்கு 125. அடுத்த வரியில் 'அப்படியானால் பாலுவின் வருமானம் அகமதுவின் வருமானத்தை விட எத்தனை சதவீதம் குறைவு?' என்று கேட்பார்கள். இப்போது 'விட'வுக்கு முன்னால் நிற்பது அகமது. அடிப்படை 125 ஆகிவிட்டது. வித்தியாசம் அதே 25. ஆனால் 25-ஐ 125-ஆல் வகுத்தால் 20%. விடைகளில் 25% என்பதும் கண்டிப்பாக இருக்கும். அவசரப்படுபவர்களுக்காக வைக்கப்பட்ட விடை அது.

'ஆக' என்பது போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டும். 'விலை பழைய விலையின் 130% ஆக உயர்ந்தது' என்றால் பெருக்கு எண் 1.30. 'விலை 130% உயர்ந்தது' என்றால் பெருக்கு எண் 2.30. ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் விடையையே மாற்றிவிடுகிறது.

'லிருந்து' என்பது புறப்பட்ட இடத்தைக் காட்டும். 'ரூ.425-லிருந்து' என்றால் 425 தான் அடிப்படை.

'மடங்கு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இரு மடங்கு ஆனது என்றால் 100% உயர்வு. மூன்று மடங்கு ஆனது என்றால் 200% உயர்வு, 300% அல்ல. முன்பே இருந்த ஒரு பங்கு உயர்வில் சேராது.

கேள்வித்தாளைக் கையில் எடுத்ததும் அடிப்படை எண்ணைக் குறிக்கும் சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். சில விநாடி வேலை. பெரும்பாலான தவறுகளை அது தடுத்துவிடும்.

3. புதிய விலையிலிருந்து பழைய விலைக்கு

'60% விலை உயர்வுக்குப் பின் ஒரு பண்டல் தீப்பெட்டியின் விலை ரூ.480. பழைய விலை என்ன?' பலர் 480-இல் 60% கண்டு, அதாவது 288-ஐக் கண்டு, 480-லிருந்து கழித்து 192 என்று எழுதுவார்கள். 60% என்பது பழைய விலையின் மீது எடுக்கப்பட்டது. 480-இன் மீது அல்ல. சரியான வழி, 480-ஐ 1.60-ஆல் வகுப்பது. விடை 300.

சரிபார்ப்பதும் எளிது. கிடைத்த விடையை முன்னோக்கி நடத்திப் பாருங்கள். 300-இல் 60% என்பது 180. கூட்டினால் 480. பொருந்துகிறது. 192-இல் 60% கூட்டினால் 307.20 தான் வரும்.

வரி சேர்ந்த கணக்குகளும் இதே வகை. 480 ரூபாய்ப் பண்டலுக்கு 12% ஜிஎஸ்டி சேர்த்தால் 57.60 கூடி 537.60 ஆகும். 'வரியுடன் விலை ரூ.537.60, வரி 12%. வரி நீங்கலான விலை என்ன?' என்று கேட்டால் 1.12-ஆல் வகுக்க வேண்டும். 537.60-இல் 12% கழித்தால் 473.09 வரும், அது தவறு.

4. தொடர்ந்து வரும் மாற்றங்கள்

2007-இல் தீப்பெட்டி விலை 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது. 2021-இல் 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. ஒவ்வொரு முறையும் 100% உயர்வு. மொத்த உயர்வு எவ்வளவு?

100-ஐயும் 100-ஐயும் கூட்டி 200% என்று சொல்லத் தோன்றும். 50 காசு 2 ரூபாய் ஆகியிருக்கிறது. அதாவது 150 காசு உயர்வு. 150-ஐ 50-ஆல் வகுத்தால் 300%. இரண்டாவது 100% முதல் விலையின் மீது வரவில்லை, ஏற்கெனவே உயர்ந்த விலையின் மீது வந்தது. பெருக்கு எண்களைப் பெருக்கினால் உடனே விடை தெரியும்: 2 × 2 = 4 மடங்கு. ஒரு பங்கைக் கழித்தால் 3. அதாவது 300%.

தொடர் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. பெருக்கு எண்களைப் பெருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பட்டாசு ஆலையின் உற்பத்தி முதல் ஆண்டு 10% உயர்ந்தது; மழை நீடித்த இரண்டாம் ஆண்டில் 20% குறைந்தது; மூன்றாம் ஆண்டு 25% உயர்ந்தது. மொத்த மாற்றம் என்ன? கூட்டினால் 15% உயர்வு என்று வரும். பெருக்கினால் 1.10 × 0.80 × 1.25 = 1.10. உண்மையான உயர்வு 10% மட்டுமே.

இரண்டே மாற்றங்கள் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. இரு சதவீதங்களையும் கூட்டுங்கள். அவற்றின் பெருக்குத்தொகையை 100-ஆல் வகுத்து அதனுடன் சேருங்கள். குறைவுக்கு எதிர்க்குறி போட வேண்டும். 20% உயர்ந்து 20% குறைந்தால்: 20 − 20 − 4 = −4. அதாவது 4% இழப்பு. உயர்ந்த அளவே குறைந்தாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை.

இதையொட்டி அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 'எண்ணெய் விலை 25% உயர்ந்தது. செலவு கூடாமல் இருக்க ஒரு குடும்பம் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்?' விலை 100-லிருந்து 125 ஆனது. பழைய செலவுக்குத் திரும்ப 125-இல் 25-ஐக் குறைக்க வேண்டும். விடை 20%. எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற விருதுநகரில், இதைப் பென்சில் இல்லாமலே சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

5. மக்கள்தொகைக் கணக்கு

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 17,51,301. 2011-இல் 19,42,288. வளர்ச்சி விகிதம் என்ன?

இத்தனை பெரிய எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 17.5 லட்சம், 19.4 லட்சம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். உயர்வு சுமார் 1.9 லட்சம். 17.5-இல் 10% என்பது 1.75. மீதி 0.15-க்கு மேல் சுமார் ஒரு சதவீதம். ஆகவே விடை 11%-க்குச் சற்றே குறைவாக இருக்கும். துல்லியமாகக் கணக்கிட்டால் 10.91%. கொடுக்கப்பட்ட நான்கு விடைகள் 8.6%, 9.8%, 10.9%, 12.4% என்று இருந்தால், முழு வகுத்தல் செய்யாமலேயே சரியானதைத் தேர்ந்துவிடலாம். இதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.24 கோடியிலிருந்து 7.21 கோடி ஆனது; வளர்ச்சி 15.6%. இதையும் நீங்களே இந்த முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: 'இதே விகிதத்தில் வளர்ந்தால் 2021-இல் எவ்வளவு?' முதல் பத்தாண்டில் கூடிய 1,90,987-ஐயே மறுபடியும் கூட்டினால் 21,33,275 வரும். அது தவறு. இதே விகிதம் என்றால் 19,42,288-இன் மீது 10.91% எடுக்க வேண்டும். அப்போது சுமார் 21.54 லட்சம். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேர் வித்தியாசம். 'இதே எண்ணிக்கையில்' என்பது கூட்டல். 'இதே விகிதத்தில்' என்பது பெருக்கல்.

பாடநூலில் உள்ள கூட்டு வளர்ச்சிச் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: ஆண்டு வளர்ச்சியின் பெருக்கு எண்ணை, ஆண்டுகளின் எண்ணிக்கை எத்தனையோ அத்தனை முறை பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 5% வீதம் வளரும் 40,000 பேர் கொண்ட ஊர், இரண்டு ஆண்டுகளில் 40,000 × 1.05 × 1.05 = 44,100 ஆகும். தேய்மானக் கணக்குக்கும் இதுவே, அங்கே 1.05-க்குப் பதில் 0.95 வரும்.

இதே காரணத்தால், பத்தாண்டு வளர்ச்சி 10.91% என்றால் ஆண்டு வளர்ச்சி 1.091% என்று பத்தால் வகுத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு கூட்டு முறையில் வளர்வதால், ஆண்டு வீதம் சுமார் 1.04% தான்.

6. சதவீதமும் சதவீதப் புள்ளியும்

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001-இல் 73.45%, 2011-இல் 80.09%. 'எழுத்தறிவு 6.64% உயர்ந்தது' என்று எழுதுவது பிழை. உயர்ந்தது 6.64 சதவீதப் புள்ளிகள். சதவீத உயர்வு வேண்டுமானால் 6.64-ஐ 73.45-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 9.04%. அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் இந்தப் பொறி அதிகம்.

சிவகாசி வட்டாரத்தைத் தொட்ட ஓர் உதாரணம். 2020 ஏப்ரல் 1 வரை கையால் செய்த தீப்பெட்டிகளுக்கு 5%, மற்றவற்றுக்கு 18% என இரு ஜிஎஸ்டி விகிதங்கள் இருந்தன. 2020 மார்ச் மாதம் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இரண்டையும் 12% என ஒன்றாக்கியது. கைத்தொழில் தீப்பெட்டிக்கு இதனால் ஏற்பட்ட உயர்வு எவ்வளவு? மூன்று விடைகள் உண்டு.

வரி விகிதம் 7 சதவீதப் புள்ளி உயர்ந்தது (12 − 5).
கட்டும் வரித்தொகை 140% உயர்ந்தது (7-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும்).
வரியுடன் சேர்ந்த விலை சுமார் 6.67% உயர்ந்தது (105 ரூபாய் 112 ஆனது, 7-ஐ 105-ஆல் வகுக்க வேண்டும்).

இயந்திரத் தீப்பெட்டிக்கோ 6 சதவீதப் புள்ளி குறைவு, வரித்தொகை 33.3% குறைவு, வரியுடன் சேர்ந்த விலை 118-லிருந்து 112 ஆகி, சுமார் 5.1% குறைவு. மாற்றத்தை எதிர்ப்பவர் 140% என்பார், ஆதரிப்பவர் 7 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எதன் மீது என்று கேட்கத் தெரிந்தவருக்கே முழுப் படம் கிடைக்கும்.

7. பல பொருள்கள் சேர்ந்த செலவு

சிவப்பு பாஸ்பரஸ் 90% உயர்ந்தது, உள்பெட்டி அட்டை 81% உயர்ந்தது என்றால் தீப்பெட்டியின் அடக்கவிலையும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடுமா? உயராது. மொத்தச் செலவில் அந்தப் பொருளின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 100 ரூபாய் அடக்கச் செலவில் ஒரு வேதிப்பொருளுக்கு 10 ரூபாய், அட்டைக்கு 20 ரூபாய், மீதி 70 ரூபாய் கூலியும் பிறவும். வேதிப்பொருள் 90%, அட்டை 50% உயர்ந்து, மற்றவை மாறவில்லை. வேதிப்பொருளால் 9 ரூபாய், அட்டையால் 10 ரூபாய் கூடும். அடக்கவிலை 119. உயர்வு 19% மட்டுமே. 90-ஐயும் 50-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 70% என்பவர்கள் பங்கை மறந்தவர்கள். சராசரிச் சதவீதம் கேட்டால் ஒவ்வொன்றையும் ரூபாயாக மாற்றிக் கூட்டுங்கள். கடைசியில் மொத்தத்தால் வகுங்கள்.

8. தேர்வு அறையில்

குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒன்றுக்கு 54 விநாடி. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் இதற்குள்ளேதான். எனவே சில பழக்கங்கள் தேவை.

தொடக்க எண் கொடுக்கப்படாவிட்டால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை சதவீதமாகக் கேட்கப்படும்போது இது எப்போதும் பலிக்கும்.

பின்னங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 50% அரை, 33.33% மூன்றில் ஒன்று; 25% கால்; 20% ஐந்தில் ஒன்று; 16.67% ஆறில் ஒன்று, 12.5% அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, 8.33% பன்னிரண்டில் ஒன்று, 6.25% வீசம், அதாவது பதினாறில் ஒன்று. அரைக்கால், வீசம் என்று நம் முன்னோர் வாய்பாடாகச் சொன்னவை இவையே.

10% மற்றும் 1% கண்டு, அவற்றைக் கொண்டு மற்றவற்றைக் கட்டுங்கள். 840-இல் 35% வேண்டுமா? 10% என்பது 84. 30% என்பது 252. 5% என்பது 42. மொத்தம் 294.

விடைகளை முதலில் பாருங்கள். விலை உயர்ந்ததாகக் கேள்வி சொல்லும்போது பழைய விலை புதியதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பொருந்தாத விடைகளை அடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். டிஎன்பிஎஸ்சி தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எழுதும் தேர்வின் விதியை அறிந்து ஊகியுங்கள்.

9. பயிற்சிக் கணக்குகள்

அ) ஒரு கடையின் இந்த ஆண்டுப் பட்டாசு விற்பனை ரூ.3,45,000. இது சென்ற ஆண்டை விட 15% அதிகம். சென்ற ஆண்டு விற்பனை என்ன?
ஆ) ஒரு பொருளின் விலையை 20% உயர்த்தி, பின் 10% தள்ளுபடி தந்தால் நிகர மாற்றம் என்ன?
இ) எண்ணெய் விலை 60% உயர்ந்தால், செலவு மாறாதிருக்கப் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்?
ஈ) ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதம் 80%-லிருந்து 92% ஆனது. உயர்வு எத்தனை சதவீதப் புள்ளி? எத்தனை சதவீதம்?
உ) ஆண்டுக்கு 10% மதிப்பு குறையும் ஓர் அச்சு இயந்திரத்தின் இன்றைய மதிப்பு ரூ.81,000. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் மதிப்பு என்ன?

விடைகள்:
அ) 3,45,000-ஐ 1.15-ஆல் வகுக்க, ரூ.3,00,000.
ஆ) 1.20 × 0.90 = 1.08. அதாவது 8% உயர்வு.
இ) 60-ஐ 160-ஆல் வகுக்க, 37.5%.
ஈ) 12 சதவீதப் புள்ளி. 12-ஐ 80-ஆல் வகுக்க, 15%.
உ) 0.90 × 0.90 = 0.81. 81,000-ஐ 0.81-ஆல் வகுக்க, ரூ.1,00,000.

தேர்வுக்கு அப்பால்

இந்தக் கணக்கு தேர்வோடு முடிவதில்லை. தீபாவளி நெருங்கினால் சிவகாசி வட்டாரத்தில் போனஸ் பேச்சு எழும். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33%, அதிகபட்சம் 20% என்று வரையறுத்தது. 8.33% என்பது பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஆண்டு ஊதியத்தில் ஒரு மாத ஊதியம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி, தமக்கு 12,000 கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், போனஸ் கணக்கிடுவதற்கான மாத ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது: 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது. அப்படியானால் 8.33% என்பது கையில் வாங்கும் சம்பளத்தின் மீதா, அந்த வரம்பின் மீதா? வரம்பு 7,000 என்றால் கிடைப்பது ஏறத்தாழ 7,000 தான். சதவீதம் மாறவே இல்லை. அடிப்படை மாறியதால் 5,000 ரூபாய் வித்தியாசம்.

கூலி உயர்வும் அப்படியே. 10% உயர்வு என்று அறிவித்தால், அது அடிப்படைக் கூலியின் மீதா, பஞ்சப்படி சேர்ந்த மொத்தத்தின் மீதா, எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டின் மீதா என்று கேட்க வேண்டும். நகைக்கடையின் தள்ளுபடி தங்கத்தின் விலையிலா, செய்கூலியிலா என்று கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வரும் கூலிச் சீட்டையும் மளிகைக் கடை ரசீதையும் மின் கட்டண அட்டையையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். சென்ற மாதத்தை விட இந்த மாதம் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குப் போட்டு முடித்ததும் 'எதன் மீது?' என்று ஒருமுறை கேளுங்கள். வாரம் ஒரு தாள் போதும். தேர்வு நெருங்கும்போது இந்தப் பகுதிக்கென்று தனியாகப் பயிற்சி தேவைப்படாது.